டெனிம் துணி வாங்கும் முன்: நெல்லைப் பக்கம் புதிதாகத் தைக்க வருபவர்களுக்கு

பேட்டையில் ஐந்து பவர் மெஷின் போட்டு உட்கார்ந்த புதிதில், ஒரு பட்டறைக்கு 60 டெனிம் பேன்ட் தைத்துக் கொடுத்தேன். மூன்று வாரத்தில் 22 திரும்பி வந்தன. இரண்டு துவைப்பில் காலின் பக்கத் தையல் முறுக்கிக்கொண்டு முழங்காலுக்கு முன்னால் வந்து நின்றது. சிலவற்றில் முன்கால் ஒரு நீலம், பின்கால் இன்னொரு நீலம். தையலில் குறை இல்லை. துணி என்னவென்று தெரியாமல் 320 மீட்டர் வாங்கியதுதான் பிழை. விற்றவரிடம் போனால், "வெட்டின துணிக்கு நாங்க பொறுப்பில்ல" என்றார். பில்லின் அடியிலும் அப்படித்தான் அச்சடித்திருந்தது.

அதன்பிறகு ஏழெட்டு மாதம் அலைந்து கற்றதை வரிசையாக எழுதுகிறேன். பாளையங்கோட்டையோ மேலப்பாளையமோ அம்பாசமுத்திரமோ வள்ளியூரோ, எங்கிருந்து நீங்கள் ஜீன்ஸ், பை, வேலைப் பேன்ட் தைக்க நினைத்தாலும், முதல் ரோலுக்குப் பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

1. பாவையும் ஊடையையும் பிரித்துப் பாருங்கள்

எனக்கு டெனிமைப் புரியவைத்தவர் வீரவநல்லூரில் கைத்தறி நெய்யும் ஒரு அண்ணாச்சி. நான் நீட்டிய துண்டின் ஓரத்தைப் பிரித்து நாலைந்து இழையை உருவிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "எப்பா, இதுல பாவுக்கு மட்டுந்தான் சாயம். ஊடை வெள்ளையாவே கெடக்கு. அதான் மேல நீலம், அடியில வெளுப்பு."

டெனிமில் பாதி விஷயம் அவ்வளவுதான். நீளவாக்கில் ஓடும் பாவு நூலை நெய்வதற்கு முன்பே இண்டிகோ என்னும் நீலச் சாயத்தில் தோய்த்துவிடுகிறார்கள். குறுக்கே போகும் ஊடைக்குச் சாயம் கிடையாது.

இப்போது ஒரு பாவு இழையை நீங்களே உருவுங்கள். முறுக்கை எதிர்ப்பக்கம் திருப்பிப் பிரியுங்கள். நடுவில் வெள்ளை தெரிந்தால் அது இண்டிகோ ஏறிய நூல். இண்டிகோ தண்ணீரில் கரையாது. காஸ்டிக் சோடாவும் ஹைட்ரோசல்ஃபைட்டும் சேர்த்து அதைக் கரைய வைத்து, நூலை முக்கி எடுத்துக் காற்றில் காட்டுவார்கள். தொட்டியை விட்டு வரும்போது மஞ்சள் கலந்த பச்சையாக இருக்கும் நூல், காற்றுப் பட்டதும் நீலமாகும். ஆறேழு தடவை இப்படி முக்கி முக்கிக் காற்றாட விட்டால்தான் அடர்நீலம் வரும். அப்போதும் சாயம் நூலின் வெளிவட்டத்தோடு நின்றுவிடும். ஜீன்ஸ் துவைக்கத் துவைக்க வெளுத்து அழகாவதும், புதுத் துணியில் நீலம் கையில் ஒட்டுவதும் இதனால்தான். இழை உள்ளே வரைக்கும் நீலமாக இருந்தால் அது வேறு சாயம். வேலைப் பேன்ட்டுக்குப் பரவாயில்லை. வெளுப்பு விழவேண்டும் என்று கேட்கும் பையன்களுக்கு அதைத் தைத்துக் கொடுக்காதீர்கள்.

வியாபாரியிடம் கேட்கவேண்டிய முதல் கேள்வி: "ரோப் டையா, ஸ்லாஷரா?" ரோப் என்றால் சில நூறு இழைகளைக் கயிறு போலத் திரட்டிச் சாயம் ஏற்றி, பிறகு அவற்றைப் பிரித்துப் பாவாக்கிக் கஞ்சி போட்டிருப்பார்கள். ஸ்லாஷர் என்றால் இழைகளை விரித்தபடியே சாயமும் கஞ்சியும் ஒரே ஓட்டத்தில் முடித்திருப்பார்கள். ஸ்லாஷர் துணி மோசம் என்று சொல்லவில்லை. ஆனால் அதில் கரை ஓரத்துக்கும் நடுவுக்கும் நிறம் மாறும் வாய்ப்பு கூடுதல். பன்னாவை (துணியின் அகலத்தை) நடுவில் மடித்து, கரையை நடுவோடு ஒட்டவைத்துப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். கடைக்குள் டியூப் லைட்டில் பார்த்து ஏமாந்தவன் நான்.

2. சாய்கோட்டைப் படியுங்கள்

துணியின் நீலப் பக்கத்தில் சாய்வாக ஓடும் கோடுகள் தெரியும். பாவு மூன்று ஊடைக்கு மேலே போய் ஒன்றுக்குக் கீழே நுழைகிறது. அடுத்த இழை அதையே ஒரு படி தள்ளிச் செய்கிறது. அந்தப் படிகள் சேர்ந்துதான் சாய்கோடு. மெல்லிய ரகங்களில் இரண்டுக்கு மேல், ஒன்றுக்குக் கீழ் என்றும் நெய்வார்கள்.

கோடு இடது கீழிலிருந்து வலது மேலே ஏறினால் வலச்சாய்வு. கடைகளில் கிடைப்பதில் பெரும்பகுதி இதுதான். மறுதிசையில் ஏறினால் இடச்சாய்வு. சாய்வாக நெய்த துணி, முதல் துவைப்பில் தன் சாய்வுக்கு ஏற்ப இழுத்துக்கொள்ளப் பார்க்கும். அதைச் சரிக்கட்ட மில்லிலேயே ஊடையைக் கொஞ்சம் கோணலாக்கி முடிப்பார்கள். அந்த வேலையைச் சரியாகச் செய்யாத துணிதான் என் 22 பேன்ட்டின் காலை முறுக்கியது. இரண்டிரண்டு இழைக்கு ஒருமுறை சாய்வு திசை மாறும் ரகமும் உண்டு, புரோக்கன் ட்வில் என்பார்கள். அதில் கால் முறுக்குவதில்லை. கிடைத்தால் வேலைப் பேன்ட்டுக்கு அதையே எடுங்கள்.

இங்கே ஒரு பொறி. "லைட் வெயிட் டெனிம்" என்று சொல்லிச் சாம்ப்ரே துணியைக் கொடுத்துவிடுவார்கள். அதிலும் பாவு நீலம், ஊடை வெள்ளை. ஆனால் ஒன்று மேல் ஒன்று கீழ் என்ற சாதாரண நெசவு. முன்னும் பின்னும் ஒரே நீலமாக இருந்து, சாய்கோடு இல்லாவிட்டால் அது சாம்ப்ரே. சட்டைக்கு அருமை, பேன்ட்டுக்கு ஆகாது.

"சங்கரன்கோவிலிலும் புளியங்குடியிலும் இவ்வளவு விசைத்தறி இருக்கே, அங்கேயே டெனிம் நெய்யச் சொல்லலாமே" என்று என்னிடம் கேட்காதவர் இல்லை. நானும் போய் விசாரித்தேன். சேலை நெய்யும் தறியில் ஓடுவது மெல்லிய நூல். டெனிமுக்கு 7, 10 என்ற நம்பரில் தடித்த நூல் (நூல் நம்பர் குறையக் குறைய நூல் தடிக்கும்). நெருக்கி அடிக்க அதற்கேற்ற கனமான தறி வேண்டும், பாவைத் தூக்கி இறக்கும் விழுதுக் கட்டை நான்கு வேண்டும். அதையெல்லாம் எப்படியோ சேர்த்தாலும், பாவுக்கு இண்டிகோ ஏற்றும் ஆலையும் அதன் கழிவுநீரைச் சுத்தம் செய்யும் ஏற்பாடும் நம்மைப் போன்ற சிறியவர்கள் நினைத்துப் பார்க்கக் கூடியவை அல்ல. யாராவது பங்குக்குக் கூப்பிட்டால் கும்பிட்டு விலகுங்கள். துணியை வாங்கித்தான் தைக்கவேண்டும். அகமதாபாத் மில் துணி ஈரோடு வரைக்கும் வருகிறது. அளவு குறைவென்றால் ஈரோடு போதும்.

3. எடையை நிறுத்துப் பாருங்கள்

டெனிமின் கனத்தை அவுன்ஸில் சொல்வார்கள். ஒரு சதுர கஜத்துக்கு எத்தனை அவுன்ஸ் என்று கணக்கு. ஒரு அவுன்ஸ் என்பது சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 34 கிராம். 10 அவுன்ஸ் என்றால் 340 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்பதைத்தான் இப்படிச் சொல்வார்கள்).

வாயால் சொல்லும் அவுன்ஸை நம்பவேண்டாம். சாம்பிளில் 20 செ.மீ.க்கு 25 செ.மீ. துண்டு ஒன்றைத் துல்லியமாக வெட்டி, நகைப்பட்டறைத் தராசில் நிறுங்கள். வரும் கிராமை 20ஆல் பெருக்கினால் ஜி.எஸ்.எம். 17 கிராம் வந்தால் 10 அவுன்ஸ். எனக்கு 10 என்று விற்ற துணி 14.6 கிராம்தான் இருந்தது, அதாவது எட்டரை அவுன்ஸ்.

நம் ஊர் வெயிலுக்கு 9 முதல் 10 அவுன்ஸ் போதும் என்பது என் அபிப்பிராயம். 12க்கு மேல் போனால் சித்திரையில் யாரும் போடமாட்டார்கள். வெல்டிங் பட்டறை, பைகள் என்றால் மட்டும் 12, 14 பாருங்கள்.

4. ஒரு மீட்டரைத் துவையுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் செய்வதாக இருந்தால் இதைச் செய்யுங்கள். முழுப் பன்னாவில் ஒரு மீட்டரைக் காசு கொடுத்தே வாங்குங்கள். இலவசமாகத் தரும் உள்ளங்கை அளவுத் துண்டில் எதுவும் தெரியாது.

துணியைப் பிரித்து ஒரு நாள் விரித்து வையுங்கள். நடுவில் 50 செ.மீ. சதுரம் போட்டு, அந்தக் கோட்டின்மேல் வெள்ளை நூலால் ஓட்டுத்தையல் போடுங்கள். பேனாக் கோடு துவைப்பில் போய்விடும். பாவு எந்தப் பக்கம் என்று அம்புக்குறியும் தைத்துவிடுங்கள். பிறகு வாடிக்கையாளர் வீட்டில் எப்படித் துவைப்பாரோ அப்படியே மூன்று முறை துவைத்து நிழலில் காயவைத்து அளந்து பாருங்கள்.

சுருக்கம்: 50 செ.மீ. 48.5 ஆனால் 3 சதவீதம். மில்லில் சான்ஃபரைஸ் செய்த, அதாவது முன்கூட்டியே சுருக்கி முடித்த துணி இந்த அளவோடு நிற்கும். செய்யாத துணி 7 முதல் 10 சதவீதம் வரை சுருங்கும். ஸ்ட்ரெச் துணியில் ஊடைக்குள் லைக்ரா என்னும் இழுபடும் இழை இருப்பதால் பன்னாவாக்கில் 10 சதவீதத்தைத் தாண்டியும் சுருங்கலாம். 50 செ.மீ. 44 ஆகிவிட்டால் 12 சதவீதம். 34 இடுப்பு 30 ஆகிவிடும்.

கோணல்: சதுரம் சாய்சதுரமாகிவிட்டதா பாருங்கள். மேல்மூலை பக்கவாட்டில் 2.5 செ.மீ. நகர்ந்திருந்தால் 5 சதவீதம். 3 சதவீதத்துக்கு மேல் நகரும் துணியை நான் இப்போது எடுப்பதில்லை.

சாயம்: வெள்ளைக் கைக்குட்டையை நனைத்துப் பிழிந்து, துணிமேல் பத்துத் தடவை தேயுங்கள். கொஞ்சம் நீலம் ஒட்டத்தான் செய்யும். கைக்குட்டையே நீலமானால், அந்த லாட்டில் (ஒரே தடவையில் சாயம் ஏற்றி முடித்த துணியில்) வெள்ளை உள்பாக்கெட் வைத்துத் தைக்காதீர்கள்.

நெருப்பு: ஊடை நூல் இரண்டை உருவிக் கொளுத்துங்கள். பாலியெஸ்டர் கலப்பதை ஊடையில்தான் கலப்பார்கள். பருத்தி காகிதம் எரிந்த வாடையோடு சாம்பலாக உதிரும். பாலியெஸ்டர் உருகிக் கருப்பு மணியாக இறுகும். கலப்பில் தப்பில்லை, விலை குறையும். பருத்தி விலை வாங்கிக்கொண்டு கலப்பைக் கொடுப்பதுதான் தப்பு.

கோடையில் இந்தச் சோதனை மூன்று நாளில் முடியும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் மூன்று துவைப்பும் காய ஒரு வாரம் ஆகும். ஆர்டர் வாங்கும்போதே அந்த நாளையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

5. தாள்களைத் தயார் செய்யுங்கள்

உத்யம் பதிவு, அதாவது சிறுதொழில் பதிவு. ஆதாரும் பானும் இருந்தால் அரை மணி நேர வேலை. அரசு தளத்தில் ஒரு ரூபாய்கூடக் கட்டணம் கிடையாது. தேடினால் அரசுத் தளம் போலவே தோற்றம் காட்டிப் பணம் கேட்கும் தளங்கள் முன்னால் வரும். அங்கே ஆதார் எண்ணைக் கொடுத்துவிடாதீர்கள்.

ஜி.எஸ்.டி. பொருள் விற்பவருக்கு ஆண்டு விற்பனை 40 லட்சம் தாண்டினால் கட்டாயம். வெளிமாநிலத்துக்கு விற்றால் முதல் ரூபாயிலிருந்தே பதிவு வேண்டும். தேவைப்படுபவை: பான், ஆதார், போட்டோ, வங்கிக் கணக்கு விவரம், இடத்துக்கான ஆதாரம். வாடகை இடமென்றால் ஒப்பந்தத்தோடு வீட்டுக்காரர் பெயரில் உள்ள கரண்ட் பில் அல்லது சொத்துவரி ரசீது. என் விண்ணப்பம் ஒருமுறை நின்றது இங்கேதான். கரண்ட் பில் வீட்டுக்காரரின் காலமான அப்பா பெயரில் இருந்தது. பதிவுக்குக் கட்டணம் இல்லை. ஆதார் சரிபார்ப்பு முடித்தால் பொதுவாக 7 வேலை நாளுக்குள் முடியும். நேரில் பார்க்க வருவதாக இருந்தால் 30 நாள் வரை இழுக்கும்.

துணிக்கு 5 சதவீதம் வரி. தைத்த ஆடைக்கு 2025 செப்டம்பர் 22 முதல், ஒன்று 2,500 ரூபாய் வரை 5 சதவீதம், அதற்கு மேல் 18. பதிவு இருந்தால் துணிக்குக் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளலாம். காம்பொசிஷன் திட்டத்தில் (சிறு வியாபாரிகள் விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டுவது) சேர்ந்தால் அப்படிக் கழிக்க முடியாது, வெளிமாநிலத்துக்கு விற்கவும் முடியாது.

பில்லில் உள்ள எச்.எஸ்.என். எண்ணை (சரக்கு என்ன வகை என்று காட்டும் எண்) படியுங்கள். சதுர மீட்டருக்கு 200 கிராமுக்கு மேல் கனமுள்ள டெனிமில், பருத்தி 85 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் 5209 42. அதற்குக் குறைந்து செயற்கை இழை கலந்திருந்தால் 5211 42. வாய் "ப்யூர் காட்டன்" என்று சொல்லி, பில் 5211 என்று சொன்னால் பில்லை நம்புங்கள்.

கடன். மாவட்டத் தொழில் மையம் வழியாகப் பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டத்தில் விண்ணப்பிக்க நினைத்தால், மெஷின் வாங்கும் முன் அங்கே போய் இப்போதைய விதியைக் கேளுங்கள். அது புதிதாகத் தொடங்குபவர்களுக்கான திட்டம். ஏற்கெனவே ஓடும் யூனிட்டுக்குப் பொதுவாகக் கிடைக்காது. நான் மெஷின் போட்டுவிட்டுப் போனேன், அத்தோடு முடிந்தது. மானியமும் கையில் வராது. மூன்று வருடம் வங்கியில் வைப்பாக இருந்து பிறகு கடனில் கழியும்.

6. ஆர்டரும் லாரியும்

ஆர்டரை வாட்ஸாப்பிலாவது எழுத்தில் கொடுங்கள்: அவுன்ஸ், துவைக்கும் முன் பன்னா, சுருக்கம் எவ்வளவுக்குள், ஒரே லாட், எத்தனை மீட்டர். கூடவே "வெட்டும் முன் ஏழு நாளுக்குள் குறை சொன்னால் திரும்ப எடுப்பீர்களா" என்று கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்குங்கள்.

"பில் வேண்டாம்னா மீட்டருக்குப் பத்து ரூபாய் குறைச்சுத் தாரேன்" என்பார்கள். வேண்டாம். பில் இல்லாத துணியில் குறை வந்தால் பேச இடமே இல்லை.

வெளிமாநிலத்திலிருந்து 50,000 ரூபாய்க்கு மேல் சரக்கு வந்தால் ஈ-வே பில் (சரக்கோடு வரவேண்டிய ஆன்லைன் சீட்டு) வேண்டும். தமிழ்நாட்டுக்குள் என்றால் ஒரு லட்சத்துக்கு மேல். பெரும்பாலும் விற்பவரே போட்டுவிடுவார். உங்கள் ஜி.எஸ்.டி. எண்ணையும் மீட்டர் அளவையும் லாரி கிளம்பும் முன் ஒருமுறை சரிபாருங்கள்.

7. ரோல் வந்ததும்

எல்.ஆர். தாளில் (லாரிக்காரர் தரும் சரக்கு ரசீது) கையெழுத்துப் போடும் முன், நனைந்திருக்கிறதா, கிழிந்திருக்கிறதா பார்த்து, குறை இருந்தால் அந்தத் தாளிலேயே எழுதிக் கையெழுத்திடுங்கள். போட்டோவும் எடுத்து வையுங்கள்.

மீட்டர் குறைகிறதா என்று பிரிக்காமலே கண்டுபிடிக்கலாம். 58 அங்குலப் பன்னா, 340 ஜி.எஸ்.எம்., 100 மீட்டர் ரோல் ஏறக்குறைய 50 கிலோ இருக்கவேண்டும், உள்குழாய் எடை தனி. 46 கிலோதான் என்றால் ஒன்று மீட்டர் குறைவு, இல்லையேல் கனம் குறைவு.

ரோலைத் தரையில் போடாமல் பலகைமேல் வைத்து, பாலிதீன் உறை போட்டு மூடுங்கள். மூடாத இண்டிகோ துணியின் மடிப்பு ஓரம் நாளாக ஆக வெளுத்துக் கோடு விழும். சல்ஃபர் சாயம் ஏற்றிய கருப்பு டெனிமை ஈரக்காற்றில் நெடுநாள் போட்டு வைத்தால் நூலே வலுவிழக்கும். அதை மழைக்காலம் தாண்டி வைத்திருக்காதீர்கள்.

8. வெட்டும் முன்

ஒவ்வொரு ரோலின் தலைப்பிலிருந்தும் ஒரு சாண் துணி வெட்டி, ரோல் நம்பர் எழுதி, எல்லாவற்றையும் ஒரே போர்வையாகத் தைத்துத் துவையுங்கள். துவைத்த பிறகு எந்த ரோலும் எந்த ரோலும் ஒரே நீலம் என்று பளிச்சென்று தெரியும். ஒரு பேன்ட்டின் எல்லாத் துண்டும் ஒரே ரோலிலிருந்து வரவேண்டும். வெட்டியதும் துண்டுகளுக்கு நம்பர் ஸ்டிக்கர் ஒட்டச் சொல்லுங்கள். கட்டிங் மாஸ்டர் முணுமுணுப்பார், விடாதீர்கள்.

ஸ்ட்ரெச் துணியை லே போட்டு (மேசையில் அடுக்காக விரித்து) 24 மணி நேரம் ஆறவிட்டே வெட்டவேண்டும். ரோலில் இழுபட்டு இருந்தது தளர்ந்து தன் அளவுக்கு வரட்டும். எல்லாத் துண்டின் தலையும் ஒரே திசையில் இருக்கட்டும். துணியை மிச்சம் பிடிக்க ஒன்றைத் தலைகீழாக வைத்தால் நிறம் வேறாகத் தெரியும்.

சுருக்கத்தைப் பேட்டர்னில் (வெட்டும் மாதிரித் தாளில்) சேர்க்கும்போது பெருக்காதீர்கள், வகுங்கள். 12 சதவீதம் சுருங்கும் துணியில் கடைசியில் 100 செ.மீ. வேண்டுமென்றால் 112 போதாது. 100ஐ 0.88ஆல் வகுத்தால் 113.6. அந்த ஒன்றரை செ.மீ.தான் இடுப்பில் பொத்தான் போடமுடியாமல் போவதற்குக் காரணம்.

10 அவுன்ஸுக்கு 16 நம்பர் ஊசி, 12க்கு மேல் 18. ஜீன்ஸ் வாஷிங்கை நீங்களே செய்யவேண்டாம். அந்த நீலத் தண்ணீரை ஓடையில் விட்டால் அது குளத்துக்கும் தாமிரபரணிக்கும்தான் போகும், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதியும் வேண்டும். அனுமதி பெற்ற வாஷிங் யூனிட்டுக்கு டெலிவரி சலான் போட்டு அனுப்பி, எண்ணித் திருப்பி வாங்குங்கள்.

9. செலவும் காலமும்

நான் கடைசியாகத் தைத்த ஆண்கள் பேன்ட் ஒன்றின் கணக்கு: துணி 1.25 மீட்டர், மீட்டர் 210 ரூபாய் வீதம் 263. ஜிப், பொத்தான், ரிவெட், பாக்கெட் துணி, நூல் 55. தையல் கூலி 100. வாஷிங் 40. லாரி, கரண்ட், வாடகைப் பங்கு 30. ஆக 488. சோதனைக்கு வாங்கும் ஒரு மீட்டரை 60 பேன்ட்டில் பிரித்தால் ஒன்றுக்கு நாலு ரூபாய்கூட வராது. சோதிக்காமல் போனதில் 22 பேன்ட்டுக்கும் மாற்றுத் தைத்துக் கொடுத்தேன்.

தீபாவளிக்குச் சரக்கு வேண்டுமென்றால் ஆடி முதல் வாரத்தில் சாம்பிள் கையில் இருக்கவேண்டும். சோதனைக்கு ஒரு வாரம், ஆர்டர் வந்துசேர இரண்டு வாரம், வெட்டித் தைத்து வாஷிங் போய்வர ஐந்து வாரம் என்று வையுங்கள். பாளையங்கோட்டைப் பக்கம் கிறிஸ்துமஸ் வியாபாரமும் பெரிது. ஆனால் அதற்கான வாஷிங் அடைமழையில் மாட்டும், ஐப்பசிக்கு முன்பே முடித்துவிடுங்கள்.

ஒவ்வொரு லாட்டிலிருந்தும் துவைக்காத துண்டு ஒன்று, துவைத்த துண்டு ஒன்று, கூடவே பில் நகல், நிறுத்த எடை, சுருக்க அளவு எழுதிய சீட்டு. எல்லாவற்றையும் ஒன்றாகப் பின் அடித்து ஒரு ஃபைலில் போடுங்கள். அடுத்த தடவை "அதே துணிதான் அண்ணாச்சி" என்று யாராவது சொன்னால், அந்த ஃபைலைத் திறந்து பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு விலை பேசுங்கள்.